மாறும் மாணவரும் மாறாத கோப்பும்

ஒரு கல்வி நிலையத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்லும் மாணவர் கையில் கொடுத்தனுப்பப்படும் தாளுக்கு மாற்றுச் சான்றிதழ் என்று பெயர். நம் மாநிலத்தில் வழங்கும் அச்சான்றிதழ்ப் படிவங்கள் பலவற்றில் ஒரு வரி உண்டு. மாணவர் படிப்புதவித் தொகையோ கல்விச் சலுகையோ பெற்றவரா, பெற்றிருப்பின் அதன் விவரம் என்ன என்று அவ்வரி கேட்கிறது. அதற்கு எதிரே பெரும்பாலும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற ஒரு சொல்லோ, ஒரு சிறு கோடோ காணப்படும். எந்தத் திட்டம், எந்த ஆண்டு வரை பெற்றார், எவ்வளவு நிலுவையில் உள்ளது, விண்ணப்ப எண் யாது என்பன அங்கே எழுதப்படுவதில்லை. மாணவர் புறப்பட்டு விடுகிறார். அவருடைய உதவித் தொகைக் கோப்போ பழைய கல்லூரியின் அலமாரியிலேயே தங்கி விடுகிறது.

இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து ஒன்றே. அரசு வழங்கும் கல்வி உதவி மாணவருக்கு உரியது. அவர் பயிலும் நிறுவனத்திற்கு உரியதன்று. ஆதலால் மாணவர் தக்க காரணத்தோடு இடம் மாறும்போது உதவியும் அவரோடு மாற வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இக்கருத்து நடைமுறையில் எங்கெங்கே தடைபடுகிறது, அத்தடைகளை மாணவரும் ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் எவ்வாறு நீக்கலாம் என்பதை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

இடம் மாறுவோர் யாவர்?

கல்லூரி மாறும் மாணவர் என்றதும் நிலையில்லா மனம் படைத்தவர் என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. அது தவறான கணிப்பு. இடம் மாறுவோரில் பெரும்பாலார் ஏழைகள். அவர்களை மாறச் செய்வது வாழ்க்கை.

முதலாவதாக, தொழிற்பயிலகத்தில் மூன்றாண்டுப் பட்டயம் முடித்துப் பொறியியற் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்வோர். பத்தாம் வகுப்போடு பட்டயப் படிப்பிற்குச் சென்றவர்களுள் உழைப்பாளிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மிகுதி. இவர்களுக்கெனத் தமிழ்நாட்டில் தனிக் கலந்தாய்வு நடைபெறுகிறது. பல ஆண்டுகள் அது காரைக்குடியில் நடந்ததைப் பலரும் அறிவர். கணிதம் பயின்ற அறிவியல் பட்டதாரிகளுக்கும் இவ்வழி திறந்திருக்கிறது.

இரண்டாவதாக, கலை அறிவியல் கல்லூரியில் முதலில் சேர்ந்து, பின்னர்க் கலந்தாய்வில் தொழிற்கல்வி இடம் கிடைத்துச் செல்வோர். ஒரு சேர்க்கை முடிந்த பின்னரே மற்றொரு சேர்க்கை முடிவதால், கிடைத்த இடத்தைப் பற்றிக்கொண்டு நல்ல இடத்திற்குக் காத்திருப்பது எளிய குடும்பங்களுக்குத் தவிர்க்க இயலாததாகிறது.

மூன்றாவதாக, தந்தையின் மறைவு, தாயின் நோய், தொழில் முடக்கம், குடும்பம் ஊர் பெயர்தல் ஆகியவற்றால் சொந்த ஊருக்கு அருகில் உள்ள கல்லூரியை நாடுவோர். நான்காவதாக, படிப்பின் இடையே திருமணமாகிக் கணவர் ஊருக்குச் செல்லும் மாணவியர். நம் சமுதாயத்தில் இந்த நான்காம் வகையினர் எத்துணைப் பேர் என்பதைப் பெரியோர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. திருமணத்தோடு படிப்பு நின்றுபோன பெண்களுள், ‘அங்கே போய்ப் படிக்கலாம்’ என்ற வாக்குறுதியோடு மணமேடை ஏறியவர் பலர். அவ்வாக்குறுதி நிறைவேறாமற் போவதற்குக் குடும்பத்தார் மனம் மட்டுமே காரணமன்று. புதிய ஊரில் புதிதாகக் கட்ட வேண்டிய கட்டணமும் ஒரு காரணம்.

உதவி வரும் வழிகள்

அரசின் உதவிகள் பல. ஒவ்வொன்றின் இயல்பும் வேறு. அவ்வேறுபாட்டை அறியாதவரே மாற்றத்தின்போது தடுமாறுகின்றனர்.

பட்டியல் இனத்து மாணவர்களுக்கான, பத்தாம் வகுப்பிற்குப் பிந்தைய படிப்புதவித் தொகைத் திட்டம் 1944ஆம் ஆண்டிலிருந்தே வருவது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இதனைத் திருத்தி, மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் ஏற்கும் என்று வரையறுத்தது. பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாதோர்க்கு உரியதாக அமைந்த அத்திட்டத்தில், மத்திய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கிலேயே நேராகச் சேரும்படி வகை செய்யப்பட்டது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கென மாநில அரசின் உதவித் தொகைகள் தனியே உள்ளன. தமிழக முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றுள்ளமையால் நம் மாணவர்க்கு அவை பொருந்துவன.

சிறுபான்மையினர்க்கான மத்திய அரசின் உதவித் தொகைகள் 2007ஆம் ஆண்டு அளவில் தொடங்கப்பட்டன. எனினும் அவற்றுள் சில நின்றுவிட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான உதவியும், ஆய்வு மாணவர்க்கான மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு நிதியும் 2022இல் கைவிடப்பட்டன. எனவே, ‘அண்ணன் வாங்கினான், நமக்கும் வரும்’ என்று எவரும் இருந்துவிடலாகாது. ஆண்டுதோறும் அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரவிருப்பவர்க்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை 2010–11ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. இச்சலுகை மாணவர் கைக்குப் பணமாக வருவதன்று; கல்விக் கட்டணத்தில் கழிக்கப்பட்டு, அரசால் கல்லூரிக்கு ஈடு செய்யப்படுவது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே சேர்ந்தவர்க்கே இது உரியது. பட்டயம் முடித்து இரண்டாம் ஆண்டில் சேர வருபவர், இடைத்தரகர் பேச்சைக் கேட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டால், கையில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தும் பயனில்லை.

அரசுப் பள்ளியில் பயின்றோர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு, மருத்துவத்திற்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றிற்கு 2021இலும் சட்டமாயிற்று. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்று உயர்கல்வி பெறும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9 அன்று தொடங்கிற்று. இவை வங்கிக் கணக்கில் நேராகச் சேர்பவை. ஆயினும் விண்ணப்பமும் சரிபார்ப்பும் கல்லூரி வழியாகவே நடைபெறுபவை.

முடிச்சு எங்கே விழுகிறது?

பணம் மாணவர் கணக்கிற்கு வந்தாலும், அவர் படிக்கிறார் என்பதற்குச் சான்று கூறுவது கல்லூரி. தேசிய உதவித் தொகை இணையதளம் 2015இல் தொடங்கப்பட்ட பின், ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு நிறுவனக் குறியீட்டு எண்ணோடு பிணைக்கப்படுகிறது. அந்நிறுவனத்தின் பொறுப்பு அலுவலர் முதற்கட்டச் சரிபார்ப்பை முடித்தால்தான் விண்ணப்பம் அடுத்த நிலைக்கு நகரும். ஜூலையில் ஓரிடத்தில் விண்ணப்பித்து, செப்டம்பரில் வேறிடம் சென்ற மாணவரின் விண்ணப்பத்தைப் பழைய கல்லூரி ‘இவர் இங்கில்லை’ என்று ஒதுக்கும்; புதிய கல்லூரியோ ‘இவ்விண்ணப்பம் எம் பட்டியலில் இல்லை’ என்று கையை விரிக்கும். இரண்டும் உண்மையே. இரண்டு உண்மைகளுக்கு நடுவே ஓராண்டு உதவி வீணாகிறது.

விதிகளிலும் முடிச்சு உண்டு. பட்டியல் இனத்தோர்க்கான திட்ட நெறிமுறைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு கூற்று, முன் அனுமதியின்றிப் பாடத்தையோ கல்வி நிறுவனத்தையோ மாற்றிக்கொண்டால் உதவித் தொகை நீக்கப்படலாம் என்கிறது. இவ்வாக்கியத்தைப் படிக்கும் மாணவர் அஞ்சுகிறார். அஞ்ச வேண்டியதில்லை. அது மாற்றத்தைத் தடை செய்யவில்லை. ‘முன் அனுமதியின்றி’ மாறுவதையே தடை செய்கிறது. மாறிய பிறகு மன்றாடுவதைவிட, மாறுமுன் ஒரு விண்ணப்பம் எழுதுவது ஆயிரம் மடங்கு மேல்.

மற்றொரு கூற்று, ஒரு கல்வி நிலையை முடித்தவர் அதே நிலையில் வேறு பாடம் படித்தால் உதவி இல்லை என்பது. கலை இளங்கலைப் பட்டம் முடித்துவிட்டு வணிகவியல் இளங்கலையில் சேர்வோர் இதற்கு எடுத்துக்காட்டு. ஆனால், முதலாண்டின் இடையிலே பாடத்தை மாற்றிக்கொள்பவர் ஒரு நிலையை ‘முடித்தவர்’ ஆகார். இவ்வேறுபாட்டை எடுத்துச் சொல்லுவார் இல்லாமையால், உரிமை இருந்தும் விண்ணப்பிக்காமல் விடுவோர் உளர்.

மூன்றாவது முடிச்சு, தொகையின் அளவு மாறுவது. 2021இல் திருத்தப்பட்ட அத்திட்டத்தில், பொதுவான இளங்கலைப் படிப்புகள் அடங்கும் மூன்றாம் பிரிவில் விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயும், வீட்டிலிருந்து வருபவருக்கு 3,000 ரூபாயும் பராமரிப்புப் படியாக வரையறுக்கப்பட்டன. தொழிற்கல்விக்குப் படி வேறு. விடுதியை விட்டு வீட்டருகே வரும் மாணவரின் விண்ணப்பத்தில் பழைய விவரம் நீடித்தால், அது பிழையான கோரிக்கையாகித் திரும்பி வரும்.

நான்காவது முடிச்சே மிகக் கொடியது. பழைய கல்லூரிக்குச் செலுத்திய கட்டணம் திரும்பக் கிடைத்தால்தான் ஏழை மாணவர் புதிய கல்லூரியில் கட்ட இயலும். தந்தையை இழந்து, தாயோடு ஊர் திரும்பிய மாணவி ஒருத்தியை நாம் அறிவோம். அவள் முதலில் பயின்ற கல்லூரி, உதவித் தொகை இன்னும் வந்து சேரவில்லை என்று கூறி, அத்தொகையை அவளே கட்டினால்தான் மூலச் சான்றிதழ்களைத் தருவோம் என்றது. சான்றிதழ் இல்லாமல் புதிய சேர்க்கை இல்லை. புதிய சேர்க்கை இல்லாமல் புதிய விண்ணப்பம் இல்லை. அந்த வட்டத்தை உடைத்தது அரசாணையன்று. உறவினர் ஒருவர் அடகு வைத்த வளையல். மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்தல் கூடாது என்றும், சேர்க்கை இறுதி நாளுக்கு முன்னும் பின்னுமாக எத்தனை நாளில் விலகினால் எவ்வளவு கட்டணம் திருப்பித் தரப்பட வேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவிக்கை வெளியிட்டது. இறுதி நாளுக்குப் பின் 15 நாளுக்குள் விலகினால் 80 விழுக்காடும், 30 நாளுக்குள் விலகினால் 50 விழுக்காடும் என அதில் வரையறை உண்டு. 2024–25ஆம் கல்வியாண்டிற்கு, செப்டம்பர் 30 வரை விலகியோர்க்கு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தருமாறு அக்குழு தனியே பணித்தது. அறிவிக்கை இருந்தது. அது அந்த மாணவியின் காதுக்கு எட்டவில்லை.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டு

இடம் மாறும் மாணவரை ஒரு தனி வகையினராகவே ஏற்றுத் திட்டம் வகுத்த அரசும் உலகில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிஃபோர்னியா மாநிலத்தில், எளிய குடும்பத்து மாணவர் பலர் முதலில் குறைந்த கட்டணமுள்ள சமுதாயக் கல்லூரியில் பயின்று, பின்னர் நான்காண்டுப் பல்கலைக்கழகத்திற்கு மாறிச் செல்வர். கால் கிராண்ட் எனப்படும் அம்மாநில உதவித் தொகையில், இவ்வாறு மாறுவோர்க்கென ஓர் உரிமைப் பிரிவு 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. நான்கிற்கு 2.4 என்னும் தர மதிப்பெண் சராசரியும் வருமான வரம்பும் பொருந்தி, வழக்கமான இறுதி நாளாகிய மார்ச் 2க்குள் விண்ணப்பித்தால் உதவி உரிமையாகக் கிடைக்கும். வழங்குவதும் வழங்காததும் அலுவலர் விருப்பமன்று.

அங்கும் குறை இல்லாமல் இல்லை. 28 வயதிற்குட்பட்டிருக்க வேண்டும், சமுதாயக் கல்லூரியில் பயின்ற ஆண்டிற்கு அடுத்த ஆண்டே மாறிச் சேர வேண்டும் என்ற நிபந்தனைகளால், குடும்பச் சுமையால் ஓராண்டு இடைவெளி விட்டவர்கள் வாய்ப்பிழந்தனர். 2021இல் அம்மாநிலம் சமுதாயக் கல்லூரி மாணவர்க்கு வயது வரம்பையும், பள்ளி முடித்த கால வரம்பையும் நீக்கிற்று. அங்குள்ள செல்வ நிலையும் இங்குள்ள நிலையும் வேறு என்பதை நாம் மறுக்கவில்லை. நாம் கொள்ள வேண்டியது பணத்தின் அளவையன்று, எண்ணத்தை. மாறிச் செல்லும் மாணவரை விதிவிலக்காகக் காணாமல், எதிர்பார்க்கத்தக்க ஒருவராகக் கண்ட எண்ணம் அது.

மறுப்பும் விடையும்

‘விதிகளைத் தளர்த்தினால் மோசடி பெருகும். ஒருவரே இரண்டிடங்களில் பணம் பெறுவர்’ என்பார் உண்டு. இக்கவலையை நாம் இகழவில்லை. பொதுப் பணத்திற்குக் காவல் வேண்டும். ஆனால் மோசடி எங்கே நிகழ்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2023இல் மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகம் நாடெங்கும் 1,572 நிறுவனங்களை ஆய்வு செய்தபோது, அவற்றுள் 830 நிறுவனங்கள் போலியானவை அல்லது செயற்படாதவை எனக் கண்டு, புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. அங்கே பிழை செய்தவர் இடம் மாறிய ஏழை மாணவர் அல்லர். இல்லாத மாணவரின் பெயரால் பணம் பெற்றவர்கள். ஆதார் எண்ணோடும் வங்கிக் கணக்கோடும் பிணைக்கப்பட்ட ஒரு மாணவர், ஒரே ஆண்டில் இரண்டு கல்லூரிகளின் பெயரால் பெறுவதைக் கணினி தடுக்கும். தடுக்கும் ஆற்றல் பெற்ற அதே கணினிக்குத் தொடர்ந்து அளிக்கும் ஆற்றலும் உண்டு.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. ஒரு நிறுவனத்தில் பெற்ற கல்வி மதிப்பலகுகளை மற்றொன்றுக்குக் கொண்டு செல்ல, பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் மதிப்பலகு வங்கி ஒன்றை விதிமுறைகளோடு அமைத்தது. மதிப்பெண் பயணம் செய்யலாம், அதை ஈட்டுவதற்குத் துணை நின்ற உதவித் தொகை மட்டும் பயணம் செய்யலாகாது என்பது எவ்வகை நியாயம்?

மாணவர் செய்ய வேண்டியவை

மாணவச் செல்வங்களே, விதி மாறும் வரை காத்திருத்தல் உங்களால் ஆகாது. இன்றுள்ள நிலையிலேயே சிலவற்றைச் செய்யலாம். மாற்றம் உறுதியாகு முன்பே, காரணத்தைக் கூறி முன் அனுமதி கோரும் விண்ணப்பத்தைக் கல்லூரி முதல்வர் வழியாகத் துறை அலுவலருக்கு அனுப்புங்கள். பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தோடு ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். விலகும் நாளன்று மாற்றுச் சான்றிதழோடு நின்றுவிடாமல், பெற்ற உதவி, பெற வேண்டிய நிலுவை, விண்ணப்ப எண் ஆகியவற்றைக் குறித்து ஒரு கடிதம் கேளுங்கள். பழைய விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் அதனை முறைப்படி முடித்து வைக்கச் செய்யுங்கள். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கை ஊர் மாறினாலும் மூடாதீர்கள். மூடிய கணக்கிற்கு வந்த பணம் திரும்பிச் சென்றுவிடும். வருமானம், சாதி, முதல் பட்டதாரி ஆகிய சான்றுகளை விடுமுறையிலேயே இ-சேவை மையத்தில் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பெயரின் முன்னெழுத்தும் எழுத்துக்கூட்டலும் எல்லாச் சான்றிலும் ஒன்றாக உள்ளனவா என்று பாருங்கள். அரபுப் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பலவாறு எழுதும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில், ஓரெழுத்து வேறுபாட்டால் நின்றுபோன உதவிகள் பல.

நிறுவனமும் சமுதாயமும் செய்ய வேண்டியவை

கல்லூரிகள் ஒவ்வொன்றிலும், வந்து சேரும் மாணவரையும் விலகிச் செல்லும் மாணவரையும் கவனிக்க ஓர் ஆசிரியர் பொறுப்பேற்றால் பெரும்பகுதிச் சிக்கல் தீரும். மாற்றுச் சான்றிதழில் அந்த ஒரு வரியைக் கோடிட்டு விடாமல் முழுமையாக நிரப்புவதற்குப் பணம் செலவில்லை. அரசோ, இணையதளத்தில் நிறுவன மாற்றத்திற்கென ஒரு பகுதியைத் திறந்து, பழைய கல்லூரி விடுவிக்க, புதிய கல்லூரி ஏற்க, கோப்பு நாட்கணக்கில் நகரும்படி செய்தல் வேண்டும். குறித்த நாளுக்குள் பழைய கல்லூரி விடுவிக்காவிடில், விடுவித்ததாகவே கொள்ளும் விதியும் வேண்டும்.

சமுதாயப் பெரியோர்களே, 1919இல் வாணியம்பாடியிலும், 1951இல் சென்னையிலும் திருச்சியிலும் கல்லூரிகளை எழுப்பிய முன்னோர், வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்லாகவும் கட்டடமாகவும் ஈந்தனர். இன்றைய தேவை வேறு வடிவில் உள்ளது. அரசின் உதவி வந்து சேரும் வரையிலான நான்கைந்து மாதங்களைத் தாண்ட ஒரு பாலம் வேண்டும். ஒவ்வோர் ஊர் ஜமாஅத்தும் வட்டியில்லாக் கைமாற்று நிதி ஒன்றை இதற்கென ஒதுக்கலாம். உதவித் தொகை வந்ததும் மாணவர் திருப்பிச் செலுத்துவார். அதே பணம் அடுத்த ஆண்டு அடுத்தவருக்குப் பயன்படும். மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் பேசி முடிக்கும்போது, படித்துக்கொண்டிருக்கும் பெண் எந்தக் கல்லூரியில், எந்த உதவியோடு தொடர்வாள் என்பதையும் பேச்சின் ஓர் உறுப்பாக்கினால், பல பட்டங்கள் காப்பாற்றப்படும்.

ஊர் மாறலாம், கல்லூரி மாறலாம், பாடமும் மாறலாம். படிக்க வேண்டும் என்ற ஒருவருடைய உறுதி மாறாதிருக்கும்போது, அவருக்கென்று ஒதுக்கப்பட்ட உதவி வழியில் தொலைந்து போவதை நாம் ஊழ் என்று ஏற்க முடியாது. அது சரி செய்யத்தக்க அலுவலகப் பணி. இக்கல்வியாண்டிலேயே அதனைத் தொடங்குவோம்.